அமாவாசைக்கு அமாவாசை ஒரு பாட்டு

எங்கள் ஆல்பத்தை நீங்கள் கைபேசியில் கேட்டிருந்தால், அதில் நான் இல்லை. நான் வாசிக்கும் பேஸ் கிட்டாரின் கனத்த ஓசை அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் வராது. என் மனைவியே முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. இதுல நீ எங்க இருக்குற?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கஷ்டம். வாசித்த என் ஓசையே கேட்காத அந்த ஆல்பத்தில், யாருமே வாசிக்காத ஓசை ஒன்று மட்டும் எந்த ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரு ஃபங்க் இசைக்குழு இருக்கிறது என்றால் எங்கள் ஊர்க்காரர்களே நம்புவதில்லை. ஃபங்க் என்பது இடைவெளிகளால் ஆன இசை. நான்கு பேரும் சேர்ந்து வாசிப்பதைவிட, நான்கு பேரும் சேர்ந்து சட்டென்று நிறுத்துவதில்தான் அதன் அழகு இருக்கிறது. அந்த நிறுத்தத்தில் கேட்பவனுடைய கால் தானாக ஆட வேண்டும். எங்கள் ஆரம்பகாலக் கச்சேரிகளில் நாங்கள் நிறுத்தியதும் ஜனங்கள் பாட்டு முடிந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு சாப்பிடப் போய்விடுவார்கள்.

நாங்கள் நான்கு பேர். கிட்டார் வாசிப்பவர் ஏனாத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். ட்ரம்ஸ்காரனுக்கு ஊர் தாமல்; வாரநாட்களில் வண்டி மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் அடக்கமாக வாசிப்பான், அந்த அடக்கத்துக்கெல்லாம் சேர்த்து எங்களிடம் வந்து அடிப்பான். நான் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைகிறவன். நாள் முழுக்க ஒரே மாங்காய் டிசைனைத் திரும்பத் திரும்பப் போடுகிற வேலை. பேஸ் வாசிப்பும் அதேதான் என்பதால் பெரிய சிரமம் இல்லை.

நான்காவது, அக்கா. எங்கள் பாடகி. எங்கள் மூவருக்கும் மூத்தவர் என்பதால் அக்கா. அவர் முகம் ஊரில் பலருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. பேருந்து நிலையத்தில் "வாங்க வாங்க, முகூர்த்தப் பட்டா, நம்ம கடைக்கு வாங்க" என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிற குரல் அவருடையது. ஆட்டோவில் போகிற கோடைத் தள்ளுபடி, கேபிள் டிவியில் வருகிற பாத்திரக்கடை, எல்லாமே அவர்தான். உயரமான, கண்ணாடி மாதிரியான குரல். அதை வைத்துத்தான் அவருடைய வீடு ஓடியது.

அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி. பயப்படுகிற மாதிரியான கட்டி இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது, எடுத்தே ஆக வேண்டும். குரலுக்குப் போகிற நரம்பு அதன் பக்கத்திலேயே ஓடுகிறது, முன்பிருந்த குரல் திரும்ப வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா அன்று ஒத்திகைக்கு வந்து, மைக்கை எடுத்து உயரத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"தை மாசம் ஆபரேஷன். அதுக்குள்ள நம்ம பாட்டு மொத்தத்தையும் எடுத்துடணும்பா. விளம்பரமெல்லாம் ஊர்ல இருக்குது. எனக்குன்னு பாடினது ஒண்ணுகூட இல்ல."

பல வருடமாக "எடுக்கணும், எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே டீ குடித்துவந்த நாங்கள், ஆல்பம் எடுக்கக் கிளம்பியது இப்படித்தான்.

ஸ்டுடியோ என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவின் நடுவில் இருக்கும் அறை. வீட்டுக்கார அம்மாவுக்குத் தொழில் நன்றாக ஓடி, தறிகளையெல்லாம் பக்கத்துத் தெருவில் பெரிய கொட்டகைக்கு மாற்றிவிட்டார். அறையை எங்களுக்கு வாடகைக்கு விட்டார். தறி போய்விட்டது, ஆனால் நெய்பவர் காலை இறக்கி உட்காரும் குழி மட்டும் தரையில் அப்படியே இருந்தது. நாங்கள் அதை மூடவில்லை. ட்ரம்ஸ்காரன் தன் பெரிய ட்ரம்மை அதற்குள் இறக்கி வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தான். ஓசை வயிற்றில் வந்து இடித்தது. "இங்கேயே எடுத்துடலாம் சார், இந்தக் குழிய வுட்டா இந்த சவுண்டு எங்கியும் வராது" என்றான்.

ஒரே ஒரு சிக்கல். இரண்டு பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மைக் வைத்தால் எங்களைவிட அவர்கள்தான் அதிகம் பதிவானார்கள்.

வழி சொன்னது வீட்டுக்கார அம்மாதான். "அமாவாசைக்கு வாங்கப்பா. அன்னிக்கு எவனும் தறியத் தொட மாட்டான்."

உண்மைதான். எங்கள் ஊரில் நெசவுக்கு அமாவாசைதான் விடுமுறை. ஆக, உலகத்தில் மற்ற குழுக்கள் எல்லாம் எப்படியோ, நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை ஆல்பம் எடுத்தோம். ஆடியில் ஆரம்பித்தோம். என் மாமனார், "பேய்க்கு வாசிக்கிறீங்களா மாப்ள?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அப்போது சிரிப்பு வந்தது.

முதல் நாள் பட்டப்பகல். தெரு அப்படி அடங்கி நான் பார்த்ததே இல்லை. மாடிகளிலிருந்து படையல் சோற்றுக்குக் காக்கையைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தோம். நன்றாகவே வந்தது. ஒரு இடத்தில் நான் தவறினேன்; எப்போதும் தவறுகிற இடம்தான் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை.

பேராசிரியர் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினார். பாட்டில் நாங்கள் எல்லோரும் நிறுத்துகிற முதல் இடம் வந்தது. அந்த மௌனத்தின் நடுவில் ஒரு "டக்".

"யார்றா அது?" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் ட்ரம்ஸ்காரனைப் பார்த்தோம். அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "நான் இல்ல சார். சத்தியமா நான் நிறுத்திட்டேன். உங்க பேஸ்காரரு கால ஆட்டிக்கினு இருந்தாரு, அவர கேளுங்க."

"என் கால் ஆடினா தாளத்துல இருக்காதுடா" என்றேன். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. என்னை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது நிறுத்தத்திலும் இருந்தது. மூன்றாவதிலும். சரியான இடத்தில் அல்ல. ஒரு இழை தாமதமாக, சோம்பலாக, இடுப்பை ஆட்டவைக்கிற தாமதமாக விழுந்தது. எத்தனையோ வருடம் சாதகம் செய்தும் எனக்கு வராத தாமதம் அது. பேராசிரியர் ஒவ்வொரு மைக்கின் பதிவையும் தனித்தனியாக ஓட்டினார். எதிலும் அந்த ஓசை இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினார். இருந்தது. தனியாக, இல்லை. சேர்ந்தால், இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதிர்வு, எதிரொலி, சுவரின் தடிமன் என்று ஆரம்பித்தார். பாதியிலேயே அவர் குரல் தேய்ந்துபோனது. வகுப்பில் பையன்கள் தூங்கினால்கூட நிறுத்தாத மனிதர்.

வீட்டுக்கார அம்மா காபியோடு வந்தார். அவருக்கும் ஓட்டிக் காட்டினோம். கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தறி" என்றார்.

"இந்த ரூம்லதான் தறியே இல்லியேம்மா. எடுத்துக்கினு போயிட்டீங்களே" என்றான் ட்ரம்ஸ்காரன்.

"எடுத்துக்கினு போனது மரத்தப்பா" என்றார் அந்த அம்மா. பிறகு, "சக்கர போதுமா?" என்று கேட்டார்.

ட்ரம்ஸ்காரன் காலைக் குழிக்குள்ளிருந்து மெல்ல வெளியே எடுத்து மடித்து வைத்துக்கொண்டான். அதற்கு அடுத்த அமாவாசையிலிருந்து, குழிக்குள் காலை விடுவதற்கு முன் ஒரு ஜெபம் சொல்ல ஆரம்பித்தான்.

ஒவ்வொரு அமாவாசையும் அப்படியே ஆனது. தெருவே அடங்கியிருக்கும். வாசிக்கும்போது எங்கள் காதில் ஒன்றும் விழாது. ஓட்டிக் கேட்டால் எங்கள் நிறுத்தங்களில் எல்லாம் அது உட்கார்ந்திருக்கும். முதலில் பயந்தோம். மூன்றாம் பாட்டுக்குள் வெட்கமில்லாமல் அதற்காக இடம் விட ஆரம்பித்தோம். "இன்னும் கொஞ்சம் நேரம் நிறுத்துங்கப்பா, அவரு வரட்டும்" என்பார் அக்கா. நான் மட்டும் பதிவு முடிந்ததும் அந்த அறையில் கடைசி ஆளாக இருக்காதபடி பார்த்துக்கொண்டேன். கிட்டார் வயரைச் சுற்றுவதில் எனக்கு இருந்த சோம்பேறித்தனம் அந்த மாதங்களில் அடியோடு போய்விட்டது.

மார்கழி அமாவாசைக்கு ஒரே ஒரு பாட்டு மிச்சம் இருந்தது. அக்காவே எழுதியது; வாத்தியம் குறைவு, குரல் அதிகம். அடுத்த வாரம் மருத்துவமனையில் படுக்கை சொல்லியாயிற்று.

அன்று காலையில் தெருவுக்குள் நுழைந்தபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். "இன்னிக்கு எதுக்குப்பா வந்தீங்க?"

"அமாவாசைம்மா" என்றேன்.

"அது நேத்தே வுட்டாச்சே! நேத்து மத்தியானமே அமாவாச புடிச்சிடுச்சில்ல. தெருவே நேத்துதான் லீவு."

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டு நாள்காட்டியைப் பார்த்திருந்தேன், அவர் கைபேசிச் செயலியைப் பார்த்திருந்தார், இரண்டும் ஒத்துப்போனதால் நாங்கள் இருவரும் மிகவும் திருப்தியாக இருந்தோம். அமாவாசை இரண்டு நாளில் பரவி நின்றால் தெரு எந்த நாளை எடுத்துக்கொள்ளும் என்று தெருவில் ஒருவரைக் கேட்க வேண்டும் என்பது நெசவு வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பார்டர் வரைகிறவனுக்கும் இயற்பியல்காரருக்கும் தெரியவில்லை.

நான் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றேன். கெஞ்சுவதில் எனக்கு அனுபவம் உண்டு. "அண்ணே, கொஞ்ச நேரம் தறிய நிறுத்த முடியுமாண்ணே?"

அவர் கையை நிறுத்தவே இல்லை. "முகூர்த்தச் சேலைபா. நாளைக்குத் தறியிலேர்ந்து அறுத்துக் குடுக்கணும். நீ வேணா பாட்ட நிறுத்திக்கோயேன்."

திரும்பி வந்தேன். அக்கா ஏற்கெனவே மைக் முன்னால் நின்றிருந்தார். கழுத்தில் ஒரு சால்வை. "தறி ஓடினா ஓடட்டும்பா. எனக்கு அடுத்த அமாவாசை கெடையாது. ஆரம்பிங்க."

சுவர்கள் இரண்டும் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் வாசித்தோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரே டேக். நான் அன்று தவறவில்லை, அதுவே ஒரு அபசகுனமாகத்தான் எனக்குப் பட்டது.

பேராசிரியர் ஹெட்ஃபோனை மாட்டினார். கேட்டார். கழற்றினார். சுவரைப் பார்த்தார். மறுபடி மாட்டினார். பிறகு அதை என் தலையில் மாட்டிவிட்டார்.

தறி இல்லை. ஒரு அடிகூட இல்லை. நிறுத்தங்கள் எல்லாம் வெறுமையாக, கிணற்றுக்குள் பார்த்தது போல இருந்தன. ஹெட்ஃபோனைத் தூக்கினால் இரண்டு பக்கமும் டக் டக். இறக்கினால், அமைதி. அந்த அமைதியில் அக்காவின் குரல் மட்டும், அவ்வளவு பக்கத்தில், என் காதுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பது போல.

அக்கா வாங்கி மாட்டிக்கொண்டார். பாட்டு முழுவதையும் கேட்டார். அவர் முகத்தில் பயம் இல்லை. எங்கேயோ பார்த்த ஆளை நினைவுபடுத்திக்கொள்கிற முகம்.

"நான் மூச்சே வுடலியாபா?" என்றார்.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். அடிக்கு அடி மூச்சு வாங்கிப் பாட வேண்டிய பாட்டு அது. பதிவில் மூச்சு வாங்கும் ஓசை எங்குமே இல்லை. ட்ரம்ஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தான். யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போய்விட்டது. சில வாரம் அக்கா பேசவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் நான் மாங்காய் போட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கரகரப்பான, கனமான, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல், "ஹலோ, வேலையா இருக்கியா?" என்றது. கடன் தருகிறவர்கள் என்று நினைத்து, "லோன் வேணாங்க" என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. "டேய், நாந்தாண்டா" என்று அந்தக் குரல் சிரித்தது. சிரிப்பு மட்டும் பழையது.

அந்தக் குரல்தான் நிலைத்தது. இனி மாறாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். விளம்பரக்காரர்கள் புதுக் குரலைத் தேடிப் போனார்கள். ஆனால் பழைய விளம்பரத்தை மாற்றவில்லை. நானும் அக்காவும் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தோம். தலைக்கு மேலே, "வாங்க வாங்க, நம்ம கடைக்கு வாங்க." அக்கா அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"எப்டிக் கூப்புட்றா பாரு. நானே போயி ஒரு சேல எடுத்துடுவேன் போல."

அவர் "கூப்புட்றேன்" என்று சொல்லவில்லை, "கூப்புட்றா" என்றுதான் சொன்னார். நான் அதைக் கவனிக்காதது போல இருந்தேன்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினோம். அட்டைப்படத்தில் எங்கள் முகங்கள் இல்லை. அந்தக் குழி மட்டும். அறிமுகக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கோ எழுத்தாளன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அக்காவைப் பற்றி, "இந்தக் குரலை இனி எவரும் நேரில் கேட்க முடியாது" என்று எழுதி, படித்துப் பார்த்து, நானே நெகிழ்ந்துபோனேன்.

ஆரம்பத்தில் கேட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று என் மச்சான் கேட்டான், கடைசிப் பாட்டில் இருக்கும்போது. பிறகு வெளியிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள். நிறுத்தங்களில் வருகிற தாளம் எந்தக் கருவி, எப்படி அந்தத் தாமதத்தைக் கொண்டுவந்தீர்கள் என்று ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் விடாமல் கேட்டார். பேராசிரியர் பதில் எழுத உட்கார்ந்து, அழித்து, கடைசியில் "உள்ளூர்க் கலைஞர்" என்று எழுதி அனுப்பினார்.

ஆனால் எல்லோரையும் பிடித்து இழுத்தது கடைசிப் பாட்டுதான். அதன் கீழே கருத்துகள் குவிந்தன. முதலில் ஒருவர், "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதினார். கீழே கூப்பிய கைகள். அப்புறம் வரிசையாகக் கூப்பிய கைகள். "இவ்வளவு சீக்கிரம் போயிட்டீங்களே அக்கா." "மூச்சே இல்லாமல் பாடியிருக்கிறார், கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது." என் அறிமுகக் குறிப்பின் அழகு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் குறிப்பால் ஒரு ஆளையே கொன்றிருந்தேன்.

ஓடிப்போய்க் குறிப்பை மாற்றினேன். யார் குறிப்பைத் திரும்பப் படிக்கிறார்கள்? அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கைபேசியை வைத்துக்கொண்டு கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு இரங்கலுக்குக் கீழே "நன்றி" என்று தட்டியிருந்தார்.

"எம்மேல இவ்ளோ பாசமாபா ஊருக்கு?" என்றார் அந்தக் கனமான குரலில். "இருக்கும்போது ஒருத்தனும் சொல்லல."

"அக்கா, நீங்க இருக்கீங்க."

"இருக்கேன். எனக்குத் தெரியுது." கைபேசியில் மறுபடி அந்தப் பாட்டை ஓடவிட்டார். "ஆனா இது நான்தான்னு எனக்கு நெனப்பு வரமாட்டேங்குது. இத நான் பாடினப்ப நீங்கல்லாம் பக்கத்துலதான இருந்தீங்க? நான்தான பாடினேன்?"

"ஆமாக்கா" என்றேன். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு அவர் இன்னும் பாடுவாரா என்று நாங்கள் யாரும் கேட்கத் துணியவில்லை. அவரே கேட்டார். ஏனாத்தூரில் வேறொரு கல்லூரியின் விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். "எல்லாப் பாட்டோட சுருதியையும் எனக்கேத்தாப்ல கீழ எறக்குங்க. பாடிப் பாக்குறேன். வரலன்னா சொல்லிடுங்க, நான் போயிடுறேன்" என்றார். அந்த "போயிடுறேன்" எனக்குப் பிடிக்கவில்லை.

விழா நாள். நாங்கள் மேடையின் ஓரத்தில் காத்திருந்தோம். தொகுத்து வழங்கிய மாணவி மைக்கில் உருக்கமான குரலில் எங்கள் ஆல்பத்தைப் பற்றிப் பேசினாள். பேசி முடித்து, "மறைந்த அந்தப் பாடகிக்கு எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றாள்.

மொத்த அரங்கமும் எழுந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நான் பதறி மைக்கை நோக்கி ஒரு அடி வைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"சும்மா இரு. அவளுக்குத்தான நிக்கிறாங்க. நிக்கட்டும்."

அவரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எங்களுக்கும் வேறு வழியில்லை. பேராசிரியர், ட்ரம்ஸ்காரன், நான், உயிரோடு பக்கத்தில் நிற்கிறவருக்கு அவரோடு சேர்ந்தே அஞ்சலி செலுத்தினோம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டிருந்தபோது அது எங்கே வேறொன்றாக மாறியது என்று தெரியவில்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு அக்கா மைக்குக்குப் போனார். அந்தக் கடைசிப் பாட்டையே எடுத்தார், வெகு கீழே. என் பேஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அந்தக் குரல். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுப்பது அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. கரகரவென்று, உயிருள்ள மூச்சு. வரவில்லை என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வந்தது. நிறுத்தங்களில் நாங்கள் நிறுத்தினோம். யாரும் சாப்பிடப் போகவில்லை.

முடிந்ததும் முன்வரிசையில் நின்றிருந்த ஒரு பெண் அழுத கண்ணோடு மேடை ஓரத்துக்கு வந்தாள். "மேம், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"ஒரே வூட்டுலதான்மா இருந்தோம்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, அடுத்த பாட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னார்.